கடலைச் சேராத ஆறுகளின் நாடு

கிர்கிஸ்தானில் ஓடும் ஆறுகளில் ஒன்றுகூடக் கடலைச் சேர்வதில்லை. நாட்டுக்குக் கடற்கரை இல்லை என்பதை வரைபடமே சொல்லிவிடும். நீருக்கும் கடல்வழி இல்லை என்பது, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கிழக்கே, மர்ஷ்ருட்கா என்று அங்குள்ளோர் சொல்லும் சிற்றுந்தில், சூ ஆற்றின் போக்குக்கு எதிராகப் பயணித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பூம் பள்ளத்தாக்கில் ஆறும் சாலையும் இருப்புப்பாதையும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. தெற்கு மலைகளிலிருந்து வரும் சூ, இசிக் குல் ஏரியின் மேற்கு முனைக்குச் சில கிலோமீட்டர் தொலைவு வரை நெருங்கிவிட்டு, ஏரியைத் தொடாமலேயே திரும்பி இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி, கஜகஸ்தானின் மணலில் வற்றிப்போகிறது. ஒரு காலத்தில் இந்த ஆறு ஏரியில் கலந்துகொண்டிருந்தது என்பதை அறிந்தபின், பாலிக்சி நகருக்கருகே உள்ள வறண்ட சமவெளியை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றுகிறது.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் இசிக் குல்லின் ஆழம் 668 மீட்டர். வடக்கே குங்கேய் அலா-தூ, தெற்கே தெர்ஸ்கேய் அலா-தூ என்னும் தியான் ஷான் தொடர்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஓடைகள் இதில் விழுகின்றன. வெளியேறுவது ஒன்றுமில்லை, ஆவியாவதைத் தவிர. அதனால் லிட்டருக்கு 6 கிராம் அளவில் உப்பு தங்கியிருக்கிறது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கடல்நீரைப் போலக் கரிக்கவில்லை, நன்னீர் என்றும் சொல்ல முடியவில்லை. இந்த உப்பைவிட, கோடையில் வாங்கிய வெப்பத்தைத் தேக்கிவைக்கும் ஆழமே குளிர்காலத்திலும் ஏரி உறையாமலிருக்க முதன்மைக் காரணம்.

வட கரையின் கோடை விடுதிகளைப் பற்றி எழுத அதிகமில்லை. என்னை வியக்கவைத்தது மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள வேறுபாடு. பாலிக்சியில் முட்புதரும் கூழாங்கல்லும்தான். மேற்கிலிருந்து வீசும் காற்று ஏரிமீது ஈரத்தை வாங்கிக்கொண்டு கிழக்கு மலைகளில் இறக்குவதால், கராகோல் பக்கம் சரிவெங்கும் தளிர்ப்பச்சைப் புல்வெளி, அதற்கு மேலே ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக்காடு. ஜெத்தி-ஒகூஸில் செம்மணற்பாறைக் குன்றுகளுக்குப் பின்னால் அந்தக் காடு தொடங்குகிறது.

இன்னும் கிழக்கே, சீன எல்லையில் 7,439 மீட்டர் உயரமுள்ள ஜெங்கிஷ் சோகுசு சிகரம் இருக்கிறது. அங்குள்ள பனியாறுகளின் நீர் சாரிஜாஸ் ஆறாகச் சீனாவுக்குள் இறங்கி, தாரிம் வடிநிலத்தோடு முடிந்துவிடுகிறது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. தெற்கே திரும்பி, 3,000 மீட்டரைத் தாண்டும் தோலோன் கணவாய் வழியாக நாரின் நகருக்குச் சென்றேன்.

நாரின் ஆறுதான் நாட்டின் பெரிய ஆறு. பெர்கானா பள்ளத்தாக்கில் காரா தரியாவோடு கூடிச் சிர் தரியாவாகி, ஆரல் கடலை நோக்கிப் போகிறது. அதுவும் பெயரளவில்தான் கடல், உண்மையில் ஓர் ஏரி. வழியில் தோக்தோகுல் அணை இந்நீரைத் தேக்குகிறது. கிர்கிஸ்தானுக்குக் குளிர்காலத்தில் மின்சாரத்துக்காக நீரைத் திறந்தாக வேண்டும். கீழே உஸ்பெகிஸ்தானின் பருத்தி வயல்களுக்கோ கோடையில்தான் அது தேவை. சோவியத் ஒன்றியம் இருந்தவரை, கோடையில் நீரைத் திறப்பதற்கு ஈடாகக் கீழ்நாடுகளிலிருந்து நிலக்கரியும் எரிவாயுவும் மேலே வந்தன. 1991க்குப் பிறகு அந்த ஏற்பாடு குலைந்து, எந்தப் பருவத்தில் எவ்வளவு நீர் திறப்பது என்பது ஆண்டுதோறும் நாடுகளுக்கிடையே பேசித் தீர்க்க வேண்டிய வழக்காகிவிட்டது.