சீட்டுத் தராத கார்

காலை ஐந்தே முக்காலுக்குப் பால் சங்கத்தின் ஷட்டரைத் தூக்கினால் முதல் ஆளாக நிற்பவர் எப்போதும் ஒரே பெரியவர்தான். தூக்குப்போசியை மேடையில் வைத்துவிட்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பார். கொழுப்பு 3.9 என்றால் பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். 3.4 என்று காட்டிவிட்டால் போச்சு. "ஏம்மா, நேத்து இருந்த மாடுதான், அதே தீவனந்தான், எப்படி இறங்கும்?" என்பார். பாலை மறுபடி கலக்கி, அவர் கண்முன்னாலேயே இன்னொரு தடவை மெஷினில் வைத்துக் காட்ட வேண்டும். நாலைந்து ரூபாய் வித்தியாசத்துக்குத்தான் இத்தனையும். பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். "அதெல்லாம் நார்மல்தான், போங்க" என்று யாரையும் அனுப்பியதில்லை. அனுப்பினால் மறுநாள் சங்கத்து வாசலில் ஊரே கூடிவிடும்.

பதினான்கு லட்சம் கொடுத்து வாங்கிய மின்சாரக் காருக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்த "நார்மல்"தான்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது தமிழ், அரசாங்கத்துக் காகிதம் மலையாளம், சந்தை பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோயம்புத்தூர். வண்டியைப் பாலக்காட்டில்தான் வாங்கினோம். 30 யூனிட் பேட்டரி, சான்றிதழில் 325 கிலோமீட்டர். அந்த 325 ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுக்கிற கணக்கு, ரோட்டில் வராது என்று விற்பனைப் பையனே சொல்லிவிட்டான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஏசி போட்டு நான்கு பேர் போனால் 230 ஓடியது. போதும் என்றுதான் இருந்தோம்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அளவுகோல் பழனி. வீட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் போக வர 178 கிலோமீட்டர். முதல் வருடத்தில் மூன்று தடவை போனோம். முழு சார்ஜில் கிளம்பி, வழியில் எங்கேயும் போடாமல் வீடு வந்து சேரும்போது 21, 23, 22 சதவீதம் மிச்சம் இருந்தது. இதையெல்லாம் எழுதி வைப்பாயா என்று வீட்டுக்காரர் சிரிப்பார். அளந்து எழுதுவது தொழில் பழக்கம், விடாது.

அப்புறம் ஒரு ராத்திரி போனில் செய்தி வந்தது. புதிய அப்டேட், 25 நிமிடம் ஆகும், அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம். என்ன மாற்றுகிறார்கள் என்று பார்த்தால் "செயல்திறன் மேம்பாடு, பிழைத் திருத்தம்" என்று ஒரே வரி. கீழே இரண்டு பொத்தான்: "இப்போது", "பிறகு". "வேண்டாம்" என்று ஒன்று இல்லை. நான் "இப்போது" அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன்.

அதற்கடுத்த பழனிப் பயணத்தில், திரும்பும்போது பொள்ளாச்சி தாண்டியதுமே டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்தது. கோபாலபுரம் வந்தபோது சின்னதாக ஓர் ஆமைப் படம். பேட்டரி கீழே போனதால் வண்டியே தன் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, பின்னால் மாமியார் "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே வர, மாட்டு வண்டி வேகத்தில் வீடு சேர்ந்தோம். மிச்சம் 7 சதவீதம். ஏதாவது தப்பாகப் பார்த்திருப்போம் என்று அடுத்த மாதமும் போனோம். அதே நான்கு பேர், அதே 60, 65 வேகம். மிச்சம் 6. கணக்குப் போட்டால் 228 ஓடின வண்டி 190-க்கு இறங்கியிருக்கிறது. பேட்டரி கிழடாகும், தெரியும். ஆனால் மெல்ல மெல்லத்தானே ஆக வேண்டும்? ஒரே ராத்திரியில் கறவை வற்றுகிற மாட்டை நான் பார்த்ததில்லை.

பாலக்காட்டு சர்வீஸ் சென்டரில் வண்டியை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "சேச்சி, எல்லாம் நார்மலாணு" என்றார் அங்கிருந்தவர். எண் என்ன என்று கேட்டேன். பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்பது அவர்கள் கம்ப்யூட்டரில் வரும். அதை வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கூடாதாம், கம்பெனி விதி. பிறகு, "தமிழ்நாட்டு சார்ஜரில் போட்டிருப்பீர்கள், அதனால் இருக்கும்" என்று ஒரு போடு போட்டார். கரண்டுக்கும் எல்லையில், வாளையாரில் செக்போஸ்ட் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி என்று கோயம்புத்தூர் கிளைக்குக் கொண்டுபோனால், "கேரளா வண்டியா மேடம்? வாங்கின இடத்திலேயே காட்டிடுங்க" என்றார்கள்.

வாரண்டிப் புத்தகத்தை அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது கொட்டை எழுத்து. பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவார்கள் என்பது பொடி எழுத்து. அந்த 70 ஆனதா இல்லையா என்று அளப்பது அவர்கள், அவர்களுடைய கருவியால். முடிவை நம்மிடம் காட்டவும் மாட்டார்கள். பாலை நானே அளந்து, எண்ணை நானே மடியில் கட்டிக்கொண்டு, "உன் பால் தேறாது, இந்தா காசு" என்று அந்தப் பெரியவரிடம் சொன்னால் போசியாலேயே அடிப்பார்.

கோயம்புத்தூரில் வண்டி வேலை தெரிந்த ஒரு பையன், வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள எண்களைப் படித்துக் காட்டுகிற ஓபிடி கருவியைச் செருகிப் பார்த்தான். பேட்டரி 91 சதவீதம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 100 என்று காட்டும்போதும் செல் ஒவ்வொன்றும் 4.08 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது என்றான். இன்னும் மேலே ஏற வேண்டியதை மென்பொருள் பாதியில் நிறுத்துகிறது என்பது அவன் ஊகம். அப்டேட்டுக்கு முன்னால் எத்தனை வோல்ட் இருந்தது என்று அளந்து வைக்கவில்லையே, அதனால் இதை அத்தாட்சி என்று நான் சொல்ல மாட்டேன். இந்த எண்ணைச் சர்வீஸ் சென்டரில் சொன்னதும் கிடைத்த பதில்: வெளிக் கருவியைச் செருகியதால் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம்.

இது எனக்கு மட்டும் வந்த வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். மகள் தேடிக் காட்டினாள். அமெரிக்காவில் டெஸ்லா 2019-ல் அனுப்பிய ஓர் அப்டேட் மாடல் எஸ் கார்களின் பேட்டரி வோல்டேஜைக் குறைத்துவிட்டது என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2021-ல் சமரசமாகி, 1,743 வண்டிகளுக்கு ஆளுக்கு 625 டாலர் தர ஒப்புக்கொண்டது அந்த நிறுவனம். தென்கொரியாவில் குளிர் காலத்தில் ஓடும் தூரம் எவ்வளவு குறையும் என்பதை மறைத்து விளம்பரம் செய்ததற்காக 2023 ஜனவரியில் அதே நிறுவனத்துக்கு 285 கோடி வொன் அபராதம். அங்கே வாங்குகிறவனுக்குச் சட்டமும் அமைப்பும் இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது என்று பெருமூச்சு விட்டேன். நமக்கும் இருக்கிறது.

விற்ற பில்லின் பின்பக்கம் "தகராறுகள் அனைத்தும் இன்ன ஊர் நீதிமன்றத்துக்கு உட்பட்டவை" என்று, எங்களிடமிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் உள்ள ஊர்ப் பெயரைப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் தயங்கினேன். 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் குடியிருக்கிற இடத்திலேயே, வேலை பார்க்கிற இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. பழைய 1986 சட்டத்தில் இது கிடையாது. எங்களைப் போல எல்லையில் குடியிருந்து இரண்டு பக்கமும் பந்தாடப்படுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. கம்பெனி எங்கே இருந்தாலும் நான் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்டத்திலேயே முடித்துக்கொள்ளலாம். பத்து லட்சத்திலிருந்து இருபது வரைக்கும் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அதை மட்டும் கோட்டை விடக்கூடாது.

அதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பொருளில் குறை இருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியாவிட்டால், ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்து அறிக்கை கேட்கலாம். சங்கத்துப் பாலில் சந்தேகம் வந்தால் நாங்களும் மாதிரியை சீல் வைத்து லேபுக்குத்தான் அனுப்புவோம்.

முதலில் 1915-க்குப் போன் செய்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகார் எண் கொடுத்து, கம்பெனிக்கு அனுப்பி வைத்தார்கள். கம்பெனியின் பதில் பத்தே நாளில் வந்தது. "பேட்டரி வரையறுக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது." அந்த வரையறை என்ன, உள்ளே இருக்கிற அளவு என்ன, இரண்டும் இல்லை. பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். மூன்றே கேள்விதான் கேட்டிருந்தேன். அந்த அப்டேட் என் பேட்டரியில் எதை மாற்றியது? முன்பும் பின்பும் அளவு என்ன? பழையபடி ஆக்கித் தர முடியுமா? தர முடியாதென்றால் குறைந்த தூரத்துக்கு ஏற்ற பணம். பாதுகாப்புக்காகத்தான் குறைத்தோம் என்று சொல்லியிருந்தால்கூட நான் ஒத்துக்கொண்டிருப்பேன். தீப்பிடிக்காமல் இருக்கத்தானே என்று மாமியாரையும் சமாதானப்படுத்தியிருப்பேன். சொல்லாமல் எடுத்ததுதான் உறுத்துகிறது.

நோட்டீஸை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட தபால் அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை. பில், வாரண்டிப் புத்தகம், பழனிக் கணக்கு எழுதிய நோட்டு, சர்வீஸ் ரசீதுகள், ஆமைப் படத்தை மகள் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் கொழிஞ்சாம்பாறையில் நகலெடுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை தாக்கல் செய்ய வேண்டும்.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை காலையில் போனில் இன்னொரு அப்டேட் வந்து உட்கார்ந்திருக்கிறது. மறுபடியும் "செயல்திறன் மேம்பாடு". இதை ஏற்றினால் வண்டி பழையபடி ஆகலாம், ஆனால் ஆய்வகம் பார்க்க வேண்டிய குறையும் சேர்ந்து அழிந்துபோகலாம். ஏற்றாவிட்டால், அப்டேட் செய்யவில்லை, அதனால் வாரண்டி செல்லாது என்பார்கள். மூன்று நாளாக "பிறகு" அழுத்திக்கொண்டிருக்கிறேன். வண்டி தொழுவத்துக்குப் பக்கத்தில் சார்ஜரைக்கூடச் செருகாமல் நிற்கிறது.