லைட் எழுதுகிறேன்

எங்கள் இங்கிலிஷ் மாஸ்டர் காலமான செய்தி வந்த அன்றே மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். ஏன் என்னிடம் என்பது 1985 சாதாரணதர வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

'புட் ஓஃப்' வைத்து ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொன்னார். முன்வாங்குக்காரர் கூட்டத்தைப் பிற்போட்டார்கள், பரீட்சையைப் பிற்போட்டார்கள். நான் 'புட் ஓஃப் த லைட்' என்றேன். கொழும்பிலிருந்து லீவில் வரும் பெரியப்பா இரவில் விளக்கை அணைக்கச் சொல்வது அது.

"அது உன்ர பெரியப்பாவின்ர இங்கிலிஷ். இங்கிலிஷ்காரன் அப்பிடிச் சொல்லமாட்டான். ஏறு வாங்கில!"

மணி அடிக்கும்வரை நின்றேன். பக்கத்து வகுப்பும் எட்டிப் பார்த்தது. 'லைட்' என்ற பட்டம் அன்று விழுந்தது. லண்டன் ஒன்றுகூடலிலும் என் சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது.

ஆனால் மற்றதெல்லாம் அவர் போட்ட அத்திவாரம்தான். 'புட் ஓஃப்' என்றால் இன்னொரு நாள் உண்டு, 'கோல் ஓஃப்' என்றால் இல்லவே இல்லை. 'புட் ஓஃப்'க்குப் பின்னால் 'டு கோ' வராது, 'கோயிங்' தான். 'இட்' வந்தால் நடுவில்தான் இருக்க வேண்டும்: 'புட் இட் ஓஃப்'. கன்டீன் வடையின் எண்ணெய் மணம் 'புட் மீ ஓஃப்' என்றால் அங்கே பிற்போட எதுவுமில்லை, மனம் வெறுத்துப்போகிறது. அந்த வடையை மறந்தவர் யார்!

புலம்பெயர்ந்த புதிதில் கிளாஸ்கோவில் ஒரு கடையில் வேலை. அசல் ஸ்கொட்லாந்துக்கார முதலாளி கடை பூட்டும்போதெல்லாம் 'புட் ஓஃப் த லைட்ஸ்' என்பார். அங்கே அது சர்வசாதாரணம். அகராதியைப் புரட்டினேன், அதிலும் இருந்தது.

இதை மாஸ்டரிடம் நேரில் சொல்லவேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. 2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதை திறந்தபோது வீட்டுக்கடன். 2009இல் போர் முடிந்த பிறகு பிள்ளைகளின் சோதனை. பயணத்தைப் பிற்போட்டேனே தவிர ஒருபோதும் கைவிடவில்லை, அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவரோ 1995இல் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டே திரும்பிவந்து, மிஞ்சியிருந்த பிள்ளைகளுக்கு அதே வினைச்சொற்களைப் படிப்பித்தார். நாங்கள் போனவர்கள் போனவர்கள்தான்.

சரி, போய்ச் சொல்லியிருந்தாலும் மனுசன் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "ஸ்கொட்லாந்துக்காரன் எப்பயடா இங்கிலிஷ்காரனானவன்?" என்று கேட்டிருப்பார்.