ஐட்லர் புல்லியை மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் எனக்குக் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் சாலை வீட்டு வாசலைப் போலப் பழக்கமானது. வாரத்தில் மூன்று நாட்களாவது அந்தச் சாலையில் ஓடுகிற என் சிறிய டீசல் காருக்குப் பன்னிரண்டு வயது ஆகிறது. கடந்த ஆடி மாதத்தில், காலையில் எஞ்சினை முதன்முதலாக உயிர்ப்பிக்கும்போது மட்டும், பானட்டுக்குள்ளிருந்து மணலை அம்மியில் வைத்து அரைப்பது போன்ற ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. எஞ்சின் சூடானதும் அது அடங்கிவிடும். இரண்டு வாரங்களில் அடங்குவது நின்று, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தமும் உயர்ந்தது.

காரைக் கொண்டுபோய்க் காட்டிய பணிமனையில், பானட்டைத் திறந்து நின்றபடியே சிறிது நேரம் கேட்டுவிட்டு, "டைனமோ பேரிங் போயிருச்சுங்க, புதுசாவே மாத்தீரலாம்" என்றார்கள். டைனமோ என்று அவர்கள் சொன்னது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை. அதற்கும் கூலிக்கும் சேர்த்து 9,000 ரூபாய் சொன்னார்கள். பெல்ட்டைக் கழற்றவோ, எதையும் கையால் சுற்றிப் பார்க்கவோ இல்லை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதற்கும், எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய கார்களில் இந்த உறுப்புகளைச் சுற்ற ஒன்றுக்கு மேற்பட்ட வி-பெல்ட்டுகள் இருக்கும். இப்போது எஞ்சினின் பக்கவாட்டில் ஒரே நீளமான பெல்ட் பாம்பைப் போல வளைந்து வளைந்து ஓடி, என் காரில் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஏ.சி. கம்ப்ரசர் ஆகிய நான்கையும் சுற்றுகிறது. பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் 6பிகே என்ற குறியீட்டில் 6 என்பது பெல்ட்டின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் வரிகளின் எண்ணிக்கை. அதை அடுத்து வரும் எண் மில்லிமீட்டரில் பெல்ட்டின் நீளம். இந்த ஓட்டத்தில் எதையும் இயக்காத சக்கரம் ஒன்று உண்டு. அதுதான் ஐட்லர். பெல்ட்டைத் திசை திருப்பிவிடுவதும், மற்றப் புல்லிகளை அது போதுமான அளவு தழுவிச் செல்லும்படி செய்வதுமே அதன் வேலை.

வேலை எளிது போலத் தோன்றினாலும் அதன் பேரிங் படும் பாடு அதிகம். பெல்ட்டை ஓட்டுகிற, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர் விட்டமும் ஐட்லர் 70 மில்லிமீட்டர் விட்டமும் இருந்தால், எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஐட்லர் 6,400 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்தப் பேரிங் இறுகிவிட்டால் பெல்ட் தீய்ந்து அறுந்துவிடலாம். அறுந்தால் பேட்டரிக்கு மின்சாரம் ஏறாது, எஞ்சினில் தண்ணீர் சுழலாது, ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோதுதான், இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சத்தத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க அப்பாவே துணை நின்றார். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்து விவசாயிகளுக்குக் கிணற்று மோட்டாரின் பேரிங்கை ஓசையால் அறியும் பழக்கம் உண்டு. நீண்ட திருப்புளியின் முனையை மோட்டாரின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். அதையே காரிலும் செய்தோம். துப்பட்டாவைக் கழற்றி வைத்து, பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொண்ட பிறகே குனிந்தேன். ஓடும் பெல்ட்டின் அருகே தொங்கும் துணியும் முடியும் உயிருக்கே ஆபத்தானவை. திருப்புளி அசையாத பாகத்தை மட்டுமே தொட வேண்டும். ஐட்லரின் சக்கரம் சுற்றினாலும் நடுவிலுள்ள போல்ட்டு சுற்றுவதில்லை. அதன் தலையில் முனையை வைத்ததும் கரகரப்பு காதுக்குள் பாய்ந்தது. ஆல்டர்னேட்டரின் கூட்டில் வைத்தால் சீரான முனகல் மட்டுமே கேட்டது. "கண்ணு, டைனமோ நல்லாத்தான் இருக்குது, அந்தச் சின்ன உருளைதான் அரைக்குது" என்றார் அப்பா.

அதோடு நிற்காமல் மேலும் இரண்டு சோதனைகள் செய்தோம். முதலில், எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வரிகளில் சிறிது தண்ணீர் தெளித்தோம். பெல்ட் வழுக்கியோ கோணலாக ஓடியோ எழும் சத்தமாக இருந்தால் தண்ணீர் பட்டவுடன் மாறும், இது மாறவில்லை. அடுத்து, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றிய பின் சில நொடிகள் மட்டும் ஓட்டினோம். சத்தம் அறவே இல்லை. தண்ணீர் பம்ப் சுற்றாத நிலை என்பதால் இதை நீட்டிக்கக் கூடாது.

பிறகு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினேன். இங்கேதான் பலர் தவறாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள். விரலால் தட்டியதும் நெடுநேரம் சுற்றுகிற ஐட்லரை நல்லது என்று எண்ணிவிடுகிறார்கள். உள்ளே கிரீஸ் நிறைந்த புதிய பேரிங் சற்றே தயங்கிச் சுற்றி விரைவில் நின்றுவிடும். கிரீஸ் வற்றியதுதான் தடையின்றிச் சுற்றிச் சலசலக்கும். என்னுடையது சைக்கிள் சக்கரம் போலச் சுற்றியது. அசைத்தால் இலேசாக ஆடவும் செய்தது.

பொள்ளாச்சியில் புதிய புல்லி 850 ரூபாய்க்குக் கிடைத்தது. பேரிங்கில் 6203-2ஆர்எஸ் என்ற எண் இருந்ததால், உட்துளை 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர் கொண்ட அந்தப் பேரிங்கை மட்டும் வாங்கி அடித்து ஏற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார். நான் உடன்படவில்லை. சீராக அழுத்தி ஏற்றும் பிரஸ் இல்லாமல் சுத்தியலால் அடித்தால் புதிய பேரிங்கின் குண்டுகளும் அவை ஓடும் பள்ளமும் வடுப்பட்டுவிடும். பெல்ட் உரசித் தேய்ந்த பழைய சக்கரமும் அப்படியே தங்கிவிடும்.

மாற்றும் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றினோம். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே வலது முன்சக்கரத்தையும் உட்புற பிளாஸ்டிக் கவரையும் எடுத்தேன். சோதனைக்காகக் கழற்றும் முன்பே பெல்ட்டின் பாதையைத் தாளில் வரைந்து, ஓடும் திசைக்குச் சாக்பீஸால் அம்புக்குறியும் இட்டிருந்தேன். அந்தப் படம் இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது திகைத்திருப்பேன். பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரை 15 ரிங் ஸ்பேனரால் திருப்பிப் பிடித்தால் பெல்ட் தளர்கிறது. ஐட்லரின் போல்ட்டு என் காரில் வழக்கமான மரைதான். சில கார்களில் எதிர்த்திசையில் கழலும் எதிர்மரை வருவதால், கழலவில்லை என்று பலத்தைக் கூட்டுவதற்கு முன் கையேட்டைப் பார்ப்பது நல்லது. இறுக்கும்போது கையேட்டில் சொன்ன 45 நியூட்டன் மீட்டருக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வைத்தேன். எஞ்சினின் அலுமினிய உடலில் மரை போய்விட்டால் 850 ரூபாய் வேலை பெரும் செலவாகிவிடும். பெல்ட்டில் வெடிப்பு இல்லை. ஆயினும் இப்போதைய இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பெல்ட்டுகள் தேய்ந்தாலும் எளிதில் வெடிப்பதில்லை என்பதால், வரிகளின் இடைப்பள்ளம் அகன்றிருக்கிறதா என்றும் பார்த்தேன். நன்றாகவே இருந்தது; அதையே மாட்டினோம்.

எஞ்சின் ஓடியபோது அதன் சொந்தக் குரல் மட்டுமே கேட்டது. ஏ.சி.யைப் போட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பியும் பெல்ட் இம்மியும் விலகவில்லை.

மாலையில் அப்பா பழைய பேரிங்கின் ரப்பர் மூடியைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தார். கிரீஸ் காய்ந்து காவி நிறத்தில் பொருக்காக ஒட்டியிருந்தது. குண்டுகளில் துருப் புள்ளிகள். எண்ணெய்க் கசிவு எங்கும் இல்லை. உள்ளே தண்ணீர்தான் புகுந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதிக்காக மாதம் இரண்டு முறை காரை வாட்டர் வாஷுக்கு விடுகிறேன். பானட்டைத் திறந்து அந்த இடத்திலும் துப்பாக்கியால் பீய்ச்சி அடிப்பார்கள். அடுத்த முறை போனபோது கழுவும் தம்பியிடம் பெல்ட் இருக்கும் பக்கத்தைக் காட்டி, அங்கே ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, பானட்டைத் திறக்காமலே கழுவத் தொடங்கினார்.