வெட்டினால்தான் சுவர் வளரும்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது சைமோகிராம், அதாவது சுவரை வெட்டும் நொதிகளை ஒரு ஜெல்லில் கண்டுபிடிக்கும் சோதனை. சுத்தம் செய்த பாக்டீரியா செல் சுவரை ஜெல்லுக்குள்ளேயே கலந்து உறைய வைப்போம். அதில் புரதங்களை ஓட்டி, புரதங்களின் மடிப்பைக் குலைக்கும் சோப்பான எஸ்.டி.எஸ். போகக் கழுவி, நொதிகள் மறுபடி தம் வடிவத்துக்கு மடங்கட்டும் என்று இரவு முழுக்க 37 டிகிரியில் விட்டுவிடுவோம். காலையில் மெத்திலீன் நீலம் ஊற்றினால் ஜெல் முழுவதும் அடர்நீலமாகும். சில இடங்களில் மட்டும் சாயம் பிடிக்காமல் தெளிவான பட்டைகள் நிற்கும். அங்கே உட்கார்ந்திருந்த நொதி சுவரைத் தின்றுவிட்டது. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் ஒரே சாற்றில் இப்படிப் பல பட்டைகள் தெரியும்.

அதைப் பார்த்ததும் வருகிற கேள்வி அநேகமாக ஒன்றுதான். "மேடம், தன் சுவரைத் தானே வெட்டுற நொதி பாக்டீரியாவுக்கு எதுக்கு?"

நல்ல கேள்வி. நான் இத்தனை காலம் இந்த வேலையில் இருப்பதே அதற்காகத்தான். பாடப்புத்தகங்களில் சுவரைக் கட்டும் நொதிகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது; வெட்டும் நொதிகளுக்கு ஒரு பத்தி, அதுவும் 'சிதைக்கும் நொதிகள்' என்ற தலைப்பில். இது நியாயமில்லை என்பது என் திடமான எண்ணம்.

கட்டும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீளச் சங்கிலிகள். அவற்றை இணைக்கும் குட்டிப் பெப்டைடுகள். இதுதான் பெப்டிடோகிளைக்கான். இதன் அலகை மர்-ஏ முதல் மர்-எஃப் வரையிலான நொதிகள் செல்லுக்குள் படிப்படியாகச் செய்கின்றன. எம்ரா-ஒய், மர்-ஜி இரண்டும் அதைச் சவ்வில் உள்ள கொழுப்பு ஒன்றின்மேல் ஏற்றுகின்றன. மர்-ஜே அதை வெளிப்பக்கம் திருப்பிவிடுகிறது. அங்கே ராட்-ஏ, எஃப்டிஎஸ்-டபிள்யூ போன்றவை சங்கிலியை நீட்ட, பெனிசிலின் பிணைப்புப் புரதங்கள் குறுக்கு இணைப்புப் போடுகின்றன. ராட்-ஏ சங்கிலி நீட்டும் நொதி என்பதே 2016-இல்தான் தெரியவந்தது.

இதில் நான் ஒவ்வொரு வகுப்பிலும் நின்று நிதானமாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. சவ்வுக்கு வெளியே கிடையாது. அப்படியானால் குறுக்கு இணைப்புப் போட ஆற்றல் எங்கிருந்து வரும்? உள்ளே இருக்கும்போதே பெப்டைடின் நுனியில் டி-அலனின் இரண்டைச் சேர்த்து அனுப்புகிறது செல். வெளியே போனதும் கடைசி டி-அலனின் கழற்றப்படுகிறது. அந்தப் பிணைப்பு முறியும் ஆற்றலிலேயே பக்கத்துச் சங்கிலியோடு புதுப் பிணைப்பு உண்டாகிறது. செலவை முன்கூட்டியே கட்டி அனுப்பிய ஏற்பாடு. இதை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுக்கவில்லை.

இனி வெட்டும் கதை. இந்தச் சுவர் செல்லைச் சுற்றி முழுதாக மூடிய ஒரே மூலக்கூறு. வைடல், பெல்சர் இருவரும் 1964-இலேயே இதைப் பை வடிவ மாமூலக்கூறு என்று எழுதிவிட்டார்கள். உள்ளிருந்து அழுத்தம் விடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது. செல் நீள வேண்டுமானால் புதுச் சங்கிலி இந்த மூடிய வலைக்குள் நுழைந்தாக வேண்டும். உடுத்தியிருக்கும் சட்டையைக் கழற்றாமலே பெரிதாக்குவது மாதிரி: பழைய தையலைப் பிரிக்காமல் புதுத் துணி சேராது, கூடுதலாகப் பிரித்தால் சட்டையே நிற்காது.

இது வெறும் ஊகமாகப் பல வருடம் இருந்தது. அதற்கு நேரடி ஆதாரம் ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. மஞ்சுளா ரெட்டியின் குழு 2012-இல் ஈ. கோலையில் குறுக்கு இணைப்பை வெட்டும் மூன்று எண்டோபெப்டிடேஸ் நொதிகளை எடுத்துக்கொண்டது: மெப்-எஸ், மெப்-எம், மெப்-எச். இவற்றில் ஒன்றை நீக்கினாலும் பாக்டீரியா பிழைத்துக்கொள்கிறது. மூன்றும் இல்லாமல் போனால் சுவருக்குள் புதுப்பொருள் சேர்வது குறைந்து, செல் உடைந்து போகிறது. வெட்டும் நொதி இல்லாததால் செல் உடைகிறது! இந்த வரியை வகுப்பில் இரண்டு தடவை சொல்வேன். மெப்-எஸ்ஸை அளவோடு வைத்திருக்க என்எல்பி-ஐ, பிஆர்சி என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து அதைத் தொடர்ந்து அழிக்கின்றன என்பதையும் அதே குழு 2015-இல் காட்டியது. அவருக்கு 2019-இல் இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தபோது எங்கள் துறையில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

இந்த நொதிகளின் வேகத்தை நான் உணர்ந்தது கட்டுரைகளில் படித்து அல்ல, சுவரைப் பிரித்தெடுக்கும் வேலையில். பாக்டீரியாவைத் திரட்டி, கொதித்துக்கொண்டிருக்கும் எஸ்.டி.எஸ். கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கொதி அடங்கிவிடக் கூடாது. செல் சாகிற அந்த நேரத்திலேயே நொதிகளும் சாக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் அவை சுவரை நறுக்கிவிடும், நமக்கு வரும் கணக்கு உயிரோடிருந்த செல்லின் கணக்காக இருக்காது. பிறகு அதிவேக மையவிலக்கு, திரும்பத் திரும்ப வெந்நீர்க் கழுவல். குளிரவிட்டால் எஸ்.டி.எஸ். படிகமாகிவிடும் என்பதால் மையவிலக்கும் அறை வெப்பநிலையிலேயே. கடைசியில் குழாயின் அடியில் நிறமே இல்லாத, வழவழப்பான ஒரு படிவு மிஞ்சும். அதைச் சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் முராமிடேஸ் நொதியால் துண்டாக்கி, போரோஹைட்ரைடு சேர்த்ததும் குமிழ் பொங்கும். மூடியைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். அப்புறம் துண்டுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் இரண்டு பெரிய முகடுகள் எழும்: தனி டெட்ராபெப்டைடு ஒன்று, குறுக்கே இணைந்த ஜோடி இன்னொன்று. இவை இரண்டின் விகிதத்தைப் பார்த்தாலே வெட்டும் நொதியில் கைவைத்த திரிபா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமென்றால், பெப்டைடைச் சர்க்கரைச் சங்கிலியிலிருந்து கழற்றும் அமிடேஸ்கள்தான் தோது. ஆமி-ஏ, ஆமி-பி, ஆமி-சி மூன்றையும் நீக்கிய ஈ. கோலை செத்துவிடாது. பிரியாது, அவ்வளவுதான். சைட்டோபிளாசம் பிரிந்து முடிந்த பிறகும் மகள் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீண்ட சங்கிலியாகக் கிடக்கும். இயல்பான செல்லில் இந்த நொதிகள் தாமாக வேலை செய்வதில்லை. என்வ்-சி, என்எல்பி-டி ஆகிய புரதங்கள் செல் பிரியும் இடத்துக்கு வந்து தூண்டினால்தான் வெட்டும்.

பெனிசிலினை இந்தக் கண்ணோடு பார்த்தால் கதையே வேறு. அது டி-அலனின் ஜோடியைப் போல உருவம் கொண்டு குறுக்கு இணைப்பு நொதியை ஏமாற்றுகிறது என்று டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் 1965-இல் சொன்னது சரியே. ஆனால் அலெக்சாண்டர் டோமாஸ் குழு 1970-இல் காட்டியதைப் பாருங்கள்: தன்னைத் தானே கரைக்கும் நொதி வேலை செய்யாத நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்குப் பெனிசிலின் கொடுத்தால் வளர்ச்சி நிற்கிறது, செல் உடைவதில்லை. மருந்து கட்டுவதைத்தான் நிறுத்துகிறது. செல்லை உடைப்பது அதன் சொந்த நொதி.

சுவரை மாற்றியமைக்கும் நொதிகளுக்கு வேறு வேலை. நம் கண்ணீரில் உள்ள, சுவரை வெட்டும் லைசோசைமிடமிருந்து தப்ப ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா ஓட்-ஏ நொதியால் தன் சர்க்கரையில் ஓர் அசிட்டைல் குழுவை ஒட்டிக்கொள்கிறது. வான்கோமைசின் மருந்து அந்த டி-அலனின் ஜோடியைப் பிடித்துக்கொள்ளும்; அதற்கு அடங்காத என்டரோகாக்கஸ் பாக்டீரியா, கடைசி டி-அலனினுக்குப் பதில் டி-லாக்டேட் வைக்கிறது. மருந்தின் பிடி ஏறக்குறைய ஆயிரம் மடங்கு தளர்ந்துவிடுகிறது.

என்னை இப்போது இழுத்து வைத்திருப்பது வெட்டிய துண்டுகள். ஈ. கோலை ஒரு தலைமுறைக்குள் தன் சுவரில் ஏறக்குறைய பாதியைக் கழற்றிவிடுகிறது; அதில் பெரும்பகுதி ஆம்ப்-ஜி என்ற வாயில் வழியாக உள்ளே போய் மறுபடி பயன்படுகிறது. சூடோமோனாஸ், என்டரோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் இந்தத் துண்டுகளைச் செய்தியாகவும் வாசிக்கின்றன. பெனிசிலின் குடும்பத்து பீட்டா-லாக்டம் மருந்து சுவரைக் குலைத்ததும் உள்ளே வரும் துண்டுகள் பெருகும். அவை ஆம்ப்-ஆர் புரதத்தில் போய் ஒட்டினால், மருந்தை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் உற்பத்தி தொடங்கிவிடும். சூடோமோனாஸில் ஆம்ப்-ஜி மரபணுவை முடக்கினால் மருந்துக்கு அது மறுபடி பணிவது ஏற்கெனவே நிரூபணமான விஷயம். மரபணுவை முடக்குவது ஆய்வகத்தில் நடக்கும். நோயாளியின் உடலில் நடக்காது. அந்த வாயிலை அடைக்க ஒரு சிறு மூலக்கூறு வேண்டும். இப்போது எங்கள் மேசையில் இருக்கும் வேலை அதுதான்.