ஷபாத் மேசையும் எங்கட வெள்ளிக்கிழமை விளக்கும்

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா சாமியறையில விளக்கு வைக்கேக்க எனக்கு இப்ப ரெண்டு இடம் ஞாபகம் வருது. ஒண்டு நான் வளந்த இந்த வெள்ளவத்தை வீடு, மற்றது இலினோய்ல நான் மாஸ்டர்ஸ் படிச்ச யூனிக்குப் பக்கத்தில இருந்த ஹில்லெல் எண்ட யூத மாணவர் அமைப்பின்ர கட்டிடம், அங்க வாசலுக்குக் கிட்ட ஒரு மேசையில தட்டு நிறைய சின்னச் சின்ன மெழுகுதிரி வைச்சிருப்பினம், வாற பெட்டையள் ஒவ்வொருத்தியா ஏத்திப்போட்டு கையால கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிசம் நிப்பாளவை. முதல் நாள் அதைப் பாத்ததும் எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. அம்மாவும் விளக்கை ஏத்திப்போட்டு அப்பிடித்தான், கையைக் கண்ணில ஒத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்காம நிப்பா.

என்ர ரூம்மேட் யூதப் பெட்டை. நான் போய் இறங்கின முதல் கிழமையே "வெள்ளிக்கிழமை இரவு எங்க சாப்பிடப்போறாய், எங்களோட வா" எண்டு கேட்டாள். நான் வெள்ளியில மச்சம் தின்னமாட்டன் எண்டு சொல்ல, பிரச்சினையே இல்லை, அங்க மரக்கறியும் இருக்கும், பாலையும் இறைச்சியையும் ஒண்டாச் சேக்கிறதில்லை எண்டு எங்களுக்கும் ஆயிரம் சட்டம் இருக்கு எண்டாள். சட்டியும் தட்டும் கூட பாலுக்கு வேற இறைச்சிக்கு வேற. எங்கட அம்மம்மா வீட்டில மச்சச் சட்டி தனிய இருந்தது எண்டு நான் சொல்ல அவளுக்கு சரியான சந்தோசம், அண்டைக்குத்தான் நாங்கள் ரெண்டு பேரும் உண்மையா சிநேகிதமானது எண்டு நினைக்கிறன்.

ஷபாத் எண்டா யூதரின்ர கிழமை ஓய்வுநாள், வெள்ளி பொழுதுபடுறதோட தொடங்கி சனி இரவு வானத்தில மூண்டு நட்சத்திரம் தெரியிற வரைக்கும். மெழுகுதிரி ஏத்துறது பொழுதுபட 18 நிமிசத்துக்கு முதல், அதால நேரம் ஒவ்வொரு கிழமையும் மாறும். கொழும்பில வருசம் முழுக்க ஆறு, ஆறரைக்குள்ள விளக்கு வைச்சுப் பழகின எனக்கு, டிசம்பர்ல நாலு மணிக்கே லேபை மூடிப்போட்டு ஸ்னோவுக்குள்ளால அவளோட ஓடினதும் ஜூன் மாசத்தில எட்டு மணி தாண்டியும் வெயிலுக்குள்ள காத்துக்கொண்டு நிண்டதும் புதுசா இருந்தது. சனி இரவு முடிக்கேக்க பல திரியைப் பின்னின ஒரு மெழுகுதிரியும் கறுவா கராம்பு வாசமும் வைன் கிண்ணமும் வைச்சு ஒரு சின்னச் சடங்கு செய்வினம், ஹவ்தாலா எண்டு பேர், அந்த கராம்பு வாசம் என்னை நேர எங்கட குசினிக்குக் கொண்டுவந்து விட்டிடும்.

சாப்பாட்டுக்கு முதல் எல்லாரும் ரெண்டு கைபிடி வைச்ச செம்பு மாதிரி ஒண்டால கை கழுவுவினம், கழுவினதில இருந்து பாண் துண்டு வாய்க்குள்ள போகும் வரைக்கும் கதைக்கக்கூடாது. எனக்கு அது தெரியாது. பக்கத்தில இருந்த பெடியனிட்ட நான் என்னவோ கேக்க அவன் சிரிச்சுக்கொண்டு வாயில விரலை வைச்சான், பிறகு பாத்தா அவ்வளவு பெரிய ஹோல்ல ஒருத்தரும் கதைக்கேல்ல, மெல்லமா ஒரு பாட்டை வாயை மூடிக்கொண்டு முணுமுணுக்கினம். அந்தப் பாண்தான் ஹல்லா, சடை பின்னின மாதிரி இருக்கும், எப்பவும் ரெண்டு வைப்பினம், அவையின்ர முன்னோருக்கு வனாந்தரத்தில கடவுள் வானத்தில இருந்து குடுத்த மன்னா எண்ட உணவு வெள்ளிக்கிழமைகளில ரெண்டு மடங்கு விழுந்ததால எண்டு சொல்லுவினம். அதை ஒரு துணியால மூடியிருப்பினம். ஏன் எண்டு கேட்டன். முதல்ல வைனுக்குத்தான் ஆசி சொல்லுறது, தன்னை விட்டிட்டு வைனுக்கு முதலிடம் குடுக்கினமே எண்டு பாண் வெக்கப்படக்கூடாதாம், அதுக்குத்தான் மூடுறது எண்டாள். ஒரு துண்டுப் பாணின்ர மனசு நோகக்கூடாது எண்டு நினைக்கிற ஆக்கள், மேசைக்குப் புதுசா வாற ஒரு மனுசரை எப்பிடி நடத்துவினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இந்த ஹில்லெல் எண்ட அமைப்பு தொடங்கினதே நான் படிச்ச ஊரிலதான், 1923ல, ஷாம்பெய்ன் அர்பானாவில. அதில எனக்குப் பிடிச்ச விசயம், அதுக்கு வித்து போட்டவர்களில ஒருவர் யூதரே இல்லை. எட்வர்ட் சான்சி பால்ட்வின் எண்டு அங்க பைபிள் இலக்கியம் படிப்பிச்ச கிறிஸ்தவப் பேராசிரியர், தன்ர வகுப்பில இருக்கிற யூதப் பிள்ளைகளுக்கு அவையின்ர சொந்த மரபே தெரியாமப் போகுதே எண்டு கவலைப்பட்டு யூத சமூகத்துப் பெரிய ஆக்களிட்ட போய்ச் சொன்னார். பெஞ்சமின் பிராங்கல் எண்ட இளம் ரபி (யூத மதகுரு) அதைக் கையில எடுத்தார், அடுத்த வருசம் ப்னே ப்ரித் எண்ட பழைய யூத அமைப்பு பொறுப்பெடுத்தது. பிராங்கல் 1927ல சின்ன வயசிலயே செத்துப்போனார், ஆனா அமைப்பு நிக்கேல்ல, இப்ப உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான கேம்பஸ்ல இருக்கு. அந்தக் காலத்தை மறக்கக்கூடாது, 1922ல ஹார்வர்டின்ர தலைவர் லோவல் யூத மாணவர் நூற்றுக்கு 15க்கு மேல வரக்கூடாது எண்டு ஒரு வரம்பு கேட்ட காலம். யூனிக்கு எடுக்கேக்க தமிழ்ப் பிள்ளையளிட்ட கூடின மார்க்ஸ் கேட்ட தரப்படுத்தல் 1971ல வந்த நாட்டில பிறந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஹில்லெல் எண்ட பேர் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின ஒரு ஞானியின்ர பேர். தல்மூத் எண்ட பழைய யூத சமய நூலில இருக்கிற கதையை ரூம்மேட் எனக்கு பஸ்ஸில வைச்சுத்தான் சொன்னாள். அவர் ஒரு ஏழைக் கூலி, நாள் கூலியில பாதியை வீட்டுக்குக் குடுத்திட்டு மற்றப் பாதியை படிப்புக்கூடத்துக் காவல்காரனுக்குக் குடுத்துத்தான் உள்ள போவார். ஒரு நாள் வேலை கிடைக்கேல்ல, காசு இல்லை, காவல்காரன் விடேல்ல. அவர் கூரையில ஏறி வெளிச்சம் வாற ஓட்டைக்குப் பக்கத்தில படுத்து உள்ள நடக்கிற பாடத்தைக் கேட்டார். அது மாரிகாலம், வெள்ளிக்கிழமை, ஸ்னோ விழுந்து அவரை மூடிப்போட்டுது. விடிய, ஏன் இண்டைக்கு கூடம் இருட்டாக் கிடக்கு எண்டு குருமார் மேல பாத்தா ஒரு மனுச உருவம். ஷபாத் நாளில நெருப்பு மூட்டக்கூடாது எண்ட சட்டம் இருந்தும் அவரை இறக்கி குளிப்பாட்டி எண்ணெய் பூசி நெருப்புக்குப் பக்கத்தில இருத்தினவை, இவருக்காக ஷபாத்தையே மீறலாம் எண்டு.

இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு வேற ஒரு முகம்தான் வந்தது. நான் இங்க முதல் டிகிரி படிக்கேக்க என்ர பாட்ச்ல மலையகத்து ஹற்றன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தவள், நல்லாப் பாடுவாள். கலைவிழாவுக்கு எல்லாப் பெட்டையளும் ஒரே நிறச் சாறி எடுக்கவேணும் எண்டு முடிவெடுத்தம், ஆளுக்கு இவ்வளவு காசு எண்டு கேட்டம், அவள் எனக்கு அண்டைக்கு சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு போடிங் ரூமிலயே இருந்திட்டாள். அவளை வாசலில நிறுத்தினது நாங்கள்தான், நானும் அதில ஒருத்தி. எனக்கு அது விளங்க ஏழு வருசமும் ஒரு பஸ் பயணமும் தேவைப்பட்டுது.

ஹில்லெல்ல ஷபாத் சாப்பாட்டுக்கு என்னட்ட ஒருத்தரும் காசு கேக்கேல்ல, நீ யூதரா எண்டும் கேக்கேல்ல. இன்னுமொரு விசயம். சாப்பாட்டுக்கு முதல் ஒரே கட்டிடத்தில வேற வேற அறையில வேற வேற மாதிரித் தொழுகை நடக்கும், பழைய முறையை இறுக்கமாப் பிடிக்கிற ஓர்தடொக்ஸ் ஆக்கள் ஆம்பிளை பொம்பிளை தனித்தனியா, காலத்துக்கேத்த மாதிரி மாத்தின ரிஃபோர்ம் ஆக்கள் கிட்டாரோட. ஓர்தடொக்ஸ் அறையில பத்து ஆம்பிளையள் சேராட்டி சில பிரார்த்தனை சொல்லேலாது, அதால ஒரு ஆள் குறைஞ்சா வாசலுக்கு வந்து ஆள் தேடுவினம். கடவுளை எப்பிடிக் கும்பிடுறது எண்டதில இவைக்குள்ள ஒத்துவராது, ஆனா சாப்பாடு ஒரே ஹோல்ல, ஒரே மேசையில. எங்கட பக்கம் இந்து மாணவர் ஒரு சங்கம், கிறிஸ்தவ மாணவர் ஒரு சங்கம், அதுக்குள்ள யாழ்ப்பாணம் மட்டக்களப்பு மலையகம் எண்டு வேற வேற மூலை. சங்கம் தனிய இருக்கட்டும், அது வேணும், மேசையாவது ஒண்டா இருக்கலாமே எண்டுதான் எனக்கு.

இதை எழுதினா பாலஸ்தீனத்தைப் பற்றிக் கேப்பீங்கள் எண்டு தெரியும், கேக்கத்தான் வேணும். அந்த மேசையிலயே அதைப் பற்றிச் சண்டை நடந்தது, இஸ்ரேல் எண்ட நாடு இருக்கிறதையே ஏற்காத, அதைப் புறக்கணிக்கச் சொல்லுற ஆக்களை ஹில்லெல் மேடைக்கு விடுறதில்லை எண்ட விதியை யூத மாணவர்களே எதிர்த்து நிண்டிருக்கினம், 2013ல ஸ்வார்த்மோர் கல்லூரி ஹில்லெல் பிள்ளையள் அந்த விதிக்குக் கட்டுப்படமாட்டம் எண்டு வெளிப்படையா அறிவிச்சவை. வீடிழந்து அலைஞ்ச சனத்தின்ர பிள்ளை நான், காஸாவைப் பாத்து பேசாம இருக்க என்னால ஏலாது, ரூம்மேட்டுக்கும் அதைச் சொல்லியிருக்கிறன், அவளும் அழுதவள்.

வேலை முழுக்கப் பிள்ளையள்தான் செய்வினம், அதுதான் எனக்கு ஆகப் பிடிச்சது. வியாழன் இரவில ஹல்லாவுக்கு மா குழைக்கிறது, ஆறு பிரி வைச்சுப் பின்னுறது (தங்கச்சிக்குச் சடை பின்னின கைக்கு அது கஷ்டமில்லை), வித்த காசைப் பசித்த சனத்துக்குக் குடுக்கிறது. இது கலிபோர்னியாவில ஸ்கிரிப்ஸ் கல்லூரியில 2004ல பிள்ளையள் தொடங்கின பழக்கம் கேம்பஸ் கேம்பஸாப் பரவினதாம். இலையுதிர் காலத்தில சுக்கோத் எண்ட பண்டிகை வரும், புல்வெளியில ஒரு கொட்டில் போடுவினம், கூரைக்கு கொப்பும் குழையும்தான், இரவில அதுக்குள்ளால நட்சத்திரம் தெரியவேணும், ஏழு நாளும் அதுக்குள்ள இருந்து சாப்பிடுறது. கையில பிடிக்கிற நாலு பொருளில ஒண்டு பேரீச்சங் குருத்தோலை. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளையளுக்கு குருத்தோலை ஞாயிறு ஞாபகம் வரும், எனக்கு ஊர்க் கோயில் தோரணம் ஞாபகம் வந்தது. இரவுகளில ரெண்டு ரெண்டு பேரா இருந்து பழைய நூலைச் சத்தமா வாசிச்சுச் சண்டை பிடிப்பினம், ஹவ்ரூதா எண்டு சொல்லுறது. கோயிலில புராணபடனம் நடக்கேக்க ஒராள் வாசிக்க மற்றாள் பயன் சொல்லுவாரே, அது மாதிரி, ஆனா இங்க பயன் சொல்லுறவரை மற்றாள் விடமாட்டார், ஏன் எண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். எங்கட பெடியளுக்கு திருமந்திரத்தையோ திருக்குறளையோ இப்பிடிச் சண்டை பிடிச்சுப் படிக்க ஒரு இடம் வேணும் எண்டு எனக்கு ஆசை.

திரும்பி வந்து ஒரு வருசம் யோசிச்சுக்கொண்டே இருந்தன். சரஸ்வதி பூசையும் கலைவிழாவும் வருசத்தில ஒருக்காத்தான், பிள்ளைக்குத் தனிமை ஒவ்வொரு கிழமையும் வருது. எங்கட ஒழுங்கையிலயே ரெண்டு போடிங் வீடு, வவுனியா, திருகோணமலை, பதுளைப் பிள்ளையள், வெள்ளி இரவில காலி வீதிக்குப் போய் கொத்து வாங்கி ரூமில தனிய போனைப் பாத்துக்கொண்டு சாப்பிடுகினம். அம்மாவிட்ட கேட்டன். அவ உடன "எத்தனை பேருக்கு அரிசி போட" எண்டுதான் கேட்டா.

முதல் வெள்ளி நாலு பேர் வந்தவை, மூண்டாம் வெள்ளி பதினொரு பேர், ஹோல்ல பாய் விரிச்சுத்தான் இருந்தம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், மோர்மிளகாய். காசு இல்லை, சாறி இல்லை, தேவாரம் தெரிஞ்சவை பாடலாம், கிறிஸ்தவப் பெடியன் ஒருத்தன் தங்கட பாட்டு ஒண்டு பாடினான், அம்மாவுக்கு அது நல்லாப் பிடிச்சுப்போச்சு, அடுத்த கிழமையும் கேட்டா. பழைய பாட்ச் பிள்ளைக்கும் மெசேஜ் போட்டிருக்கிறன், அவள் இப்ப மலையகத்தில படிப்பிக்கிறாள், லீவுக்கு கொழும்புக்கு வரேக்க வாறன் எண்டு எழுதியிருக்கிறாள், பாடுவியா எண்டு நான் இன்னும் கேக்கேல்ல.

வாற வெள்ளிக்கு பதுளைப் பிள்ளை ஒருத்தி தான் ரொட்டியும் சம்பலும் செய்யிறன் எண்டு குசினியைக் கேட்டிருக்கிறாள், திருகோணமலைப் பெடியன் தேங்காய் திருவுறனாம். அம்மா ஆறேகாலுக்கு விளக்கு வைப்பா, அதுக்குப் பிறகு எப்ப வந்தாலும் சரி, கேற் திறந்துதான் இருக்கும்.