எந்தச் சவாரிக்குப் பெயர் கொடுப்பது?

வருகிற பெப்ரவரியில் இரண்டு சைக்கிள் சவாரிகள் ஒரே வார இறுதியில் வருகின்றன. ஒன்று, இலங்கையின் தென்பகுதியில் நடக்கவிருக்கும் 100 கி.மீ. சவாரி, அதில் ஒவ்வொருவருக்கும் இலக்கமும் நேரம் குறிக்கும் சிப்பும் தரப்படும், முடிவில் தரவரிசைப் பட்டியலும் வெளியாகும். மற்றது, தமிழ்நாட்டில் நடக்கும் 200 கி.மீ. 'பிரவே' சவாரி, அதாவது குறித்த நேர எல்லைக்குள் முடித்தால் போதும் என்ற நெடுந்தூர ஓட்டம், அதில் முதலாமவர், கடைசியானவர் என்று எவரும் இல்லை. அக்காவின் மகள் இரண்டின் அறிவித்தல்களையும் எனக்கு அனுப்பிவிட்டு, "மாமா, எதில பேர் குடுக்கிறது?" என்று கேட்டாள். அன்று தொலைபேசியில் அவசரமாகச் சொன்ன பதில் எனக்கே போதாததாகத் தோன்றியதால், ஆறுதலாக யோசித்து இதை எழுதுகிறேன்.

2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்ட நாட்களில்தான் நான் மீண்டும் சைக்கிளுக்குத் திரும்பினேன். உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கிய ஓட்டம், ஓராண்டுக்குள் நிலாவெளி, குச்சவெளி என்று வடக்கே நீண்டது. தூரம் கூடக்கூட, தனியாக ஓடுவதை விட்டு ஏதாவது ஒழுங்குக்குள் ஓடிப் பார்க்க வேண்டும் என்ற விருப்பமும் வளர்ந்தது. இரண்டு வகைச் சவாரிகளிலும் நான் கலந்துகொண்டது அதன் பிறகுதான்.

நேரம் குறிக்கும் சவாரியின் பெரும் வசதி, கவலைகளில் பெரும்பகுதியை ஏற்பாட்டாளர் ஏற்றுக்கொள்வது. வீதி முழுவதுமாகவோ பகுதியாகவோ மூடப்படும். சந்திகளில் கொடியோடு ஆட்கள் நிற்பார்கள். இருபது, முப்பது கி.மீ.க்கு ஒரு மேசையில் தண்ணீரும் வாழைப்பழமும் இருக்கும். கடைசியாக வருபவருக்குப் பின்னால் வாகனமும் மருத்துவ உதவியும் வரும். ஐரோப்பாவில் இவ்வகைச் சவாரிகளுக்குப் பெரிய மரபு உண்டு. 1993இல் தொடங்கிய 'எதாப் து தூர்' சவாரியில், தூர் த பிரான்ஸ் போட்டியின் ஒரு கட்டத்தையே மூடிய வீதியில் சாதாரண மக்கள் ஓடிப் பார்க்கிறார்கள். பெயரளவில் அது போட்டி இல்லை. ஆனால் சிப்பைக் கட்டிக்கொண்டு ஆயிரம் பேரோடு ஒரே கோட்டில் நிற்கும்போது, போட்டியில்லை என்பதை உடல் நம்புவதில்லை.

பிரவே முற்றிலும் வேறு கணக்கில் நடப்பது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என்று நேர எல்லைகள் உலகம் முழுவதும் ஒன்றுதான். இடையில் சில இடங்களில் அட்டையில் முத்திரையோ ஒப்பமோ வாங்க வேண்டும். அந்த இடங்களுக்குத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு என்பதால், மிக வேகமாகப் போனாலும் பயனில்லை, முத்திரைக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். கட்டுப்பாட்டு இடங்களுக்கு வெளியே எவருடைய வாகனமும் உங்களுக்கு உதவ முடியாது. ரியூப் வெடித்தால் நீங்களே மாற்ற வேண்டும், தண்ணீர் தீர்ந்தால் நீங்களே கடை தேட வேண்டும். இரவில் முன், பின் விளக்குகளும் ஒளிதெறிக்கும் மேலங்கியும் கட்டாயம். எல்லையைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதிலுள்ள தாராளம் விளங்கும். ஓடும் நேரத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகம் வைத்திருந்தால் 200 கி.மீ.க்குப் பத்து மணித்தியாலம் போதும். மீதி மூன்றரை மணித்தியாலத்தைச் சாப்பாட்டுக்கும் மர நிழலுக்கும் கதைபேச்சுக்கும் செலவிடலாம். ஆயினும் மணிக்கூடு எங்கும் நிற்பதில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன், மூதூருக்குச் சைக்கிளில் போன அப்பா துறையில் 'பாதை'க்காக, அதாவது அந்த மிதவைக்காக, காத்து நின்ற நேரத்தையும் பயண நேரத்தோடு சேர்த்துத்தான் சொல்வார். பிரவேயின் கணக்கும் அப்படிப்பட்டதுதான்.

இந்த இரண்டு வகைகளுக்கும் பொதுவான வேரொன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 1891இல் பிரான்சில் ஒரு பத்திரிகை, பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் ஏறக்குறைய 1200 கி.மீ. போட்டியை நடத்தியது. சார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். அது அக்காலத்தில் முழுமையான பந்தயம். பின்னர் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த அந்தப் பந்தயத்தோடு, 1931 முதல் பந்தயக்காரர் அல்லாதவர்களும் தங்கள் சொந்த வேகத்தில் அதே வீதியில் ஓடத் தொடங்கினார்கள். 1951க்குப் பிறகு தொழில்முறைப் பந்தயம் நின்றுபோனது. பந்தயமில்லாத ஓட்டம் மட்டும் நிலைத்தது. இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கடைசியாக 2023இல், உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் 90 மணி எல்லைக்குள் அதை முடிக்க முயல்கிறார்கள். வெற்றியாளருக்காகத் தொடங்கிய ஒரு வீதியை வெற்றியாளர் தேவையில்லாதவர்கள் இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதலைத் தருகிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது அவ்வளவு புதிதாகவும் இருக்காது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் காலையில் சைக்கிள் ஓட்டப்போட்டி நடக்கும். பின்னேரம் அதே மைதானத்தில் மெதுவான சைக்கிள் ஓட்டமும் நடக்கும். கால் ஊன்றாமல் கடைசியாக வருபவருக்கே பரிசு. இரண்டுக்கும் கைதட்டியவர்கள் ஒரே ஆட்கள்தான்.

நான் கலந்துகொண்ட நேரம் குறிக்கும் சவாரியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது எனக்குப் பல நன்மைகள் செய்தது. கூட்டத்தோடு ஓடும்போது முன்னே போகிறவர் காற்றைப் பிளந்து தருவதன் பெறுமதியை அன்றுதான் உடம்பால் அறிந்தேன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அதை எதிர்க்கும் வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 20 கி.மீ.யிலிருந்து 30க்குப் போனால் காற்றுக்காக மட்டும் மூன்று மடங்குக்கு மேல் வலு வேண்டும். தனியாக ஒருபோதும் தாங்கியிருக்க முடியாத வேகத்தை அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கினேன். தாகம் எடுக்கும் முன்னரே தண்ணீர் குடிக்கும் ஒழுக்கத்தையும் அங்கேதான் பழகினேன்.

ஆனால் 70ஆவது கி.மீ.யை நெருங்கும் இடத்தில் எனக்கு முன்னால் நான்கு சைக்கிள் தள்ளி ஒருவர் சறுக்கி விழுந்தார். நாங்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் பிரிந்து அவரைக் கடந்தோம். நானும் கடந்தேன். சந்தியில் நின்றவர்கள் ஓடி வருவதைக் கண்டேன், அவருக்குப் பெரிய காயமில்லை என்று பின்னர் அறிந்தேன், நின்றிருந்தால் பின்னால் வந்தவர்கள் என்மீது மோதியிருக்கவும் கூடும். இத்தனை நியாயங்களும் உண்மையே. இருந்தாலும், கடந்த அந்தக் கணத்தில் நான் பார்த்தது அவருடைய முகத்தை அல்ல, கைபிடியில் பொருத்தியிருந்த கருவியில் சராசரி வேகம் எவ்வளவு குறைந்தது என்பதை. அந்த எண்ணம் பல மாதங்களாக என்னை விட்டுப் போகவில்லை. ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. உதவிக்கு ஆள் இருந்தபடியால்தான் எவரும் நிற்க வேண்டியிருக்கவில்லை. உதவி செய்யும் பொறுப்பே என் கையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்ட ஓட்டத்தில் நான் எப்படிப்பட்டவனாகிறேன் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணம் வரை போய்த் திரும்பிய பிரவேயில் நிலைமை மாறாக இருந்தது. மரக்காணத்து உப்பளங்களைக் கண்டபோது நிலாவெளி உப்பளத்தருகே நிற்பது போலவே இருந்தது. அங்கே எனக்கு ரயர் கிழிந்தது. முன்பின் அறியாத ஒருவர், தன் நேரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பொருட்படுத்தாமல், கிழிசலுக்கு உள்ளே வைக்கத் தன்னிடமிருந்த ரப்பர் துண்டைத் தந்து, நான் காற்றடித்து முடிக்கும் வரை நின்றார். பிறகு மாலை வரை ஒன்றாகவே ஓடினோம். அவருடைய மகளின் பரீட்சை, என் வீட்டுக் கிணற்றின் உவர்ப்பு எனப் பேசாத விடயமில்லை. இருவரும் 12 மணி 40 நிமிடத்தில் முடித்தோம். அந்த எண்ணை யாரும் யாருடைய எண்ணோடும் ஒப்பிடவில்லை.

ஊர் திரும்பியபின், திருகோணமலையிலேயே அந்த முறையில் ஓடிப் பார்க்க நானும் இரண்டு நண்பர்களும் ஒரு வழியை வகுத்தோம். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்த் திரும்பி, பின் கந்தளாய்க்குப் போய்த் திரும்பி, கடைசியாகப் புல்மோட்டைக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 200 கி.மீ. நிறைவடையும். மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் காலை 5.30க்குப் புறப்பட்டோம். தடித்த காகிதத்தில் நாங்களே வெட்டிய அட்டையில் கந்தளாயில் தயிர் விற்பவர் ஒருவரும், குச்சவெளியில் தேநீர்க் கடைக்காரரும், புல்மோட்டையில் ஒரு பலசரக்குக் கடை ஐயாவும் ஒப்பமிட்டுத் தந்தார்கள். புல்மோட்டை ஐயா போத்தல்களை நிரப்பித் தந்துவிட்டு, தண்ணீருக்குக் காசு வாங்க மாட்டேன் என்று கடுமையாகவே சொன்னார். மாலை 6.25க்கு வீடு வந்தோம், எல்லைக்கு 35 நிமிடங்கள் முன்பாக.

இந்த வழியைப் பின்பற்ற நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கச்சான். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து வீசும் அந்தச் சூடான காற்று, கந்தளாய் நோக்கிப் போகும்போது முகத்திலேயே அடிக்கும். வெயில் ஏறுமுன் அந்தப் பக்கத்தை முடித்துவிட வேண்டும். இரண்டாவது, யானைகள். கந்தளாயிலிருந்து ஹபரணை வரையான வீதியில் இருட்டில் சைக்கிள் ஓடுவது வீரமாகாது. அது செய்யவே கூடாத செயல். 300 கி.மீ.யும் அதற்கு மேலும் ஓடுவதென்றால் இரவைத் தவிர்க்க முடியாது என்பதால், அத்தகைய தூரங்களை வேறிடத்தில் ஓடுவதே புத்தி.

அக்காவின் மகளுடைய கேள்விக்கு வருகிறேன். அவளுக்கு 24 வயது. ரயர் மாற்றப் பழகியிருக்கிறாள், ஆனால் தனி வீதியில் ஒருமுறையும் மாற்றியதில்லை. ஒரு பெண் பிள்ளை அறியாத ஊரின் வீதியில் தனியே நின்று உதவி தேடுவது என்னைப் போன்ற ஒருவர் நிற்பதற்குச் சமமில்லை என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. அதோடு, தன்னால் எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்று அறிய அவள் ஆசைப்படுகிறாள். அந்த ஆசையில் பிழை எதுவும் இல்லை. ஆகவே அவள் நேரம் குறிக்கும் சவாரிக்கே பெயர் கொடுக்கட்டும். கட்டணம் பிரவேயை விடப் பல மடங்கு கூடுதலானாலும், மூடிய வீதிக்கும் பின்னால் வரும் வாகனத்துக்கும் அது பொருந்தும் விலைதான்.

நான் தமிழ்நாட்டுக்குப் போகிறேன். முழங்கால் முன்போல் இல்லாதது ஒரு காரணம். ஆனால் முழங்கால் நலமாக இருந்தாலும் அங்கேதான் போவேன். யாராவது விழுந்தால் நிற்க வேண்டியவன் நான் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் ஓட்டம் எனக்கு வேண்டும்.

அதுவரை சனிக்கிழமைகளில் இருவரும் குச்சவெளி வரை சேர்ந்து பழகுவதாக முடிவு செய்திருக்கிறோம். நிலாவெளிச் சந்தி வரை ஒன்றாகப் போவோம். அதன்பின் அவள் தன் வேகத்தில் முன்னே போவாள், நான் என் வேகத்தில் பின்னே வருவேன், அட்டையில் ஒப்பமிட்ட அதே தேநீர்க் கடையில் அவள் காத்திருப்பாள். திரும்பும் வழியில் ஒரு முறையாவது, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீதியோரத்தில் நின்று அவள் பின்சில்லின் ரியூபைக் கழற்றி மாட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் அதற்கு 22 நிமிடம் எடுத்தாள்.