பழைய மனநல மருத்துவமனை வளாகத்தை மாற்றிக் கட்டும்போது: வரைபடத்திலிருந்து குடியேற்றம் வரை

தென் லண்டன் டூட்டிங்கில் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்ட் மருத்துவமனை, 1841-இல் சர்ரே மாவட்டத்து ஏழை மனநோயாளர்களுக்கான காப்பகமாகத் திறக்கப்பட்டது. அண்மையில் அதன் உபரி நிலத்தை வீடுகள் கட்ட விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு டிரினிட்டி, ஷாஃப்ட்ஸ்பரி என இரண்டு புதிய கட்டடங்களை எழுப்பினார்கள். 2022 இறுதியிலிருந்து நோயாளர்கள் அங்கே குடியேறினார்கள். இங்கிலாந்தில் இதே வழியில் போகும் பழைய வளாகங்கள் பல. மருத்துவப் பக்கத்திலிருந்து இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக, பல திட்டங்களில் திரும்பத் திரும்ப எதிர்ப்படுபவற்றை எழுதுகிறோம்.

நிலத்தைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்களை முதலிலேயே கவனியுங்கள். பழைய கூரைகளில் குடியிருக்கும் வௌவால்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை வெளியே பறப்பதைக் கணக்கெடுக்க மே முதல் செப்டம்பர் வரைதான் பருவம். அதைத் தவறவிட்டால் இடிப்பு வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அடுத்தது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). சுவரையும் கூரையையும் உடைத்துப் பார்க்கும் ஆய்வை நோயாளர்கள் இருக்கும் வார்டில் செய்ய முடியாது. ஆகவே வார்டைக் காலிசெய்யும் அட்டவணையிலேயே அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

உண்மையான போராட்டம் வரைபடத்தில்தான். 1:200 அளவில் எந்தப் பிரிவு எங்கே என்பது முடிவாகும். 1:50 அளவில் கட்டில், கதவு, பிளக் பாயிண்ட் வரை எல்லாம் முடிவாகும். 1:50-இல் கையெழுத்தான பிறகு ஒரு சுவிட்சை நகர்த்தினாலும் ஒப்பந்தக்காரருக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும். அதனால் இரவுப் பணி செவிலியர்களும், அந்த வார்டுகளில் முன்பு தங்கிக் குணமானவர்களும் அந்தக் கையெழுத்துக்கு முன்பே மேசையில் இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முன் சுவர் நிறம் கேட்க மட்டும் அழைப்பது அவர்களை மதிப்பதாகாது.

பல நோயாளர்கள் ஒன்றாகப் படுக்கும் பொதுத்தங்கல் அறைகளை ஒழிக்க இங்கிலாந்து அரசு 2020-இல் 40 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கியது. ஆகவே கழிவறையோடு கூடிய தனியறை என்பதில் இன்று வாதமில்லை. வாதம் எண்ணிக்கையில் வரும். மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி சொல்வது, ஒரு வார்டில் அதிகபட்சம் 18 படுக்கைகள், நிரம்பும் அளவு 85 சதவீதத்துக்குள். காலிப் படுக்கை வீண்செலவு என்று நிதிப்பிரிவு சொல்லும். விடமாட்டேன் என்று நில்லுங்கள். சில நாள் வீட்டு விடுப்பில் போனவருக்கு அங்கே நிலைமை மோசமாகித் திரும்பும்போது, அவருடைய கட்டிலில் வேறொருவர் படுத்திருக்கக் கூடாது.

மாதிரி அறைக்குச் செலவிடும் பணத்தை யாரும் வெட்ட அனுமதிக்காதீர்கள். முழு அளவில் ஒரே ஓர் அறை, உண்மையான கதவு, உண்மையான குழாய். கதவு உள்ளே திறப்பதாக இருந்தால் நோயாளர் கட்டிலையோ நாற்காலியையோ வைத்து அடைத்துவிட முடியும்; அப்போது ஊழியர்கள் அதை வெளிப்பக்கமாகத் திறக்க வழி இருக்க வேண்டும். அப்படித் திறக்கும் கதவு நடைபாதைக் கைப்பிடியில் முட்டுகிறதா என்பது வரைபடத்தில் தெரியாது, மாதிரி அறையில் தெரிந்துவிடும். தூக்குப் போட்டுக்கொள்ளும் முயற்சியைக் கண்டுபிடிக்கக் கதவின் மேல்விளிம்பில் அழுத்தத்தை உணரும் அலாரம் வைப்பார்கள். கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் அது வீணாக அலறும். நாலு நாள் வீணாக அலறினால் ஐந்தாம் நாள் யாரும் ஓடமாட்டார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஊழியர்கள் உள்ளே பார்ப்பதற்கான கதவுச் சாளரத்தின் மறைப்பை இரவில் திறந்து பாருங்கள். அந்தச் சத்தத்தில் தூங்குபவர் விழித்துக்கொண்டால், ஒவ்வொரு கண்காணிப்புச் சுற்றிலும் அவர் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் சிகிச்சையே பின்னோக்கிப் போகும். குளியலறையில் காந்தத்தால் பிடித்திருக்கும் மெத்தென்ற கதவுக்கு வாசற்படி கிடையாது. தரைச்சரிவு கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் படுக்கை வரை வரும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிச் சோதியுங்கள். எடை தாங்காமல் கழன்று விழ வேண்டிய திரைக்கம்பியையும் எடை தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் பலியாவது காற்றோட்டம். பாதுகாப்புக்காக ஜன்னல் 100 மில்லிமீட்டர்தான் திறக்கும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் பல மருந்துகள் உடல் தன் வெப்பத்தைச் சீராக்கும் திறனைக் குறைக்கின்றன. ஜூலை வெயிலில் மேற்கு நோக்கிய அறையில் இருப்பவர் ஜன்னலை முழுதாகத் திறக்கவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. வெயில் மறைப்பும் இயந்திரக் காற்றோட்டமும் அவருக்கு உயிர்காப்பு. தோட்டமும் அப்படியே: வார்டிலிருந்து நேராக இறங்கும்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊழியர் துணைக்கு வந்தால்தான் போகலாம் என்றால், ஆள் குறைவான நாளில் அந்தத் தோட்டம் இல்லாததற்குச் சமம்.

தனிமைப்படுத்தும் அறைக்கு மனநலச் சட்டத்தின் நடைமுறைக் கோவை தெளிவாகவே சொல்கிறது: இயற்கை வெளிச்சம், பேச வழி, கழிவறை, கண்ணில் படும் கடிகாரம். மனநல நெருக்கடியில் காவல்துறை அழைத்து வருபவர்களுக்குத் தனி வாசல் வேண்டும். அவர்களை 24 மணி நேரம் வரை, நீட்டித்தால் மேலும் 12 மணி நேரம் வைத்திருக்கலாம் என்பதால் அங்கே கட்டிலும் குளியலறையும் தேவை. டூட்டிங் போன்ற தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் வீட்டுச் சோறு வரும். குடும்பம் கொண்டுவரும் உணவுக்கு ஒரு ஃபிரிட்ஜும், குழந்தைகள் வார்டுக்குள் நுழையாமல் அம்மாவைப் பார்க்க ஓர் அறையும் திட்டத்திலேயே இருக்கட்டும்.

கட்டடம் கைக்கு வந்ததும் உடனே குடியேற முடியாது. பயன்படாத குழாய்களில் நிமோனியாவை உண்டாக்கும் லீஜியோனெல்லா கிருமி வளரும். ஆள் வரும் வரை ஒவ்வொரு குழாயையும் ஷவரையும் வாரத்துக்கு ஒரு முறையாவது திறந்துவிட்டு, பதிவும் வைக்க வேண்டும். நாற்காலி, மேசை வந்து சேர்ந்த பிறகு தூக்குக்கு இடமளிக்கும் முனைகளை மறுபடி ஆய்வு செய்யுங்கள். காலி அறையில் செய்த ஆய்வு பயன்படாது. இரவுப் பணியினரும் ஏஜென்சி ஊழியர்களும் அலாரம், சாவி, தீ வெளியேற்றம் மூன்றிலும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். குடியேறுவதற்கு முந்தைய வாரங்களில் புதிய சேர்க்கையைக் குறையுங்கள். நோயாளர்களை முன்கூட்டியே கூட்டிப்போய் அவரவர் அறையைக் காட்டுங்கள். வர மறுப்பவருக்குப் புகைப்படம் காட்டுங்கள். ஒரு நாளில் ஒரு வார்டு, காலையில், வெள்ளிக்கிழமை தவிர்த்து. சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளை இரண்டு செவிலியர் எண்ணிக் கையெழுத்திட்டு மாற்ற வேண்டும். அவசர உயிர்காப்பு வண்டி முதல் நோயாளர் வருவதற்கு முன்பே புதிய வார்டில் இருக்க வேண்டும். பழைய வார்டில் கடைசி நோயாளர் கிளம்பும் வரை அங்கேயும் ஒன்று வேண்டும். ஆகவே இரண்டு வண்டிகளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.